செத்த கோழிகள் இட்ட முட்டைகள்

போன வாரம் உழவர் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு போன். கடலோரத்தில் இருக்கும் ஓர் ஆய்வு நிலையத்திலிருந்து ஒரு பெண் பேசினார்.

“மேடம், எங்க டைரக்டர் எல்லா டிபார்ட்மெண்டுக்கும் சேர்த்து நடுவுல ஒரு சாஃப்ட்வேர் டீம் வைக்கச் சொல்றார். உங்க நிலையத்துல நீங்கதான் ஆரம்பிச்சீங்களாமே? எத்தனை பேர் வேணும், என்ன சர்வர் வாங்கணும், எங்கிருந்து தொடங்கணும்?”

கேட்டதுதான் தாமதம், எனக்குள் என்னவோ பற்றிக்கொண்டது. கையிலிருந்த தக்காளியை ஆட்டி ஆட்டிப் பேசுகிறேன், வெயில் ஏறுகிறது, பேச்சு நிற்கவில்லை. கடைக்காரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்கக்கா, தக்காளி வாங்கறீங்களா, இல்ல கிளாஸ் எடுக்கறீங்களா?”

போனை வைக்கும்முன் அந்தப் பெண் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார். “இப்பல்லாம் கேட்டா மெஷினே புரோகிராம் எழுதிக் குடுத்துருது. இதுக்குத் தனியா டீம் வேணுமான்னு இங்க சிலர் கேக்கறாங்க.”

சிரித்துவிட்டேன். அவர் சங்கடப்பட்டிருப்பார். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது: எல்லாம் சொன்னேன், நாற்பத்தொன்றாம் எண் கோழியை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதைச் சொல்லாவிட்டால் நான் ஒன்றுமே சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் முன்கதை சின்னது. குமாரபாளையத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண். சேலத்தில் கம்ப்யூட்டர் படிப்பு, பெங்களூரில் பதினான்கு வருஷம் வங்கிகளுக்கு மென்பொருள், அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊர் திரும்பல். ராசிபுரம் பக்கத்துச் சமவெளியில் ஒரு விவசாய, கால்நடை ஆய்வு நிலையம். அங்கே ‘புரோகிராமர்’ என்று ஒரு பதவி காலியாக இருந்தது. சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் நான் செய்த ஆய்வுப்பணி, பிரிண்டரில் மாட்டிய பேப்பரை எடுத்தது.

ஆனால் பிரிண்டர் எடுக்கப் போகிறவளுக்கு எல்லா அறையும் திறக்கும்! ஒவ்வொரு அறையிலும் ஒரு புதையல் கிடந்தது. மண் பிரிவில் பாசனத்துக்கு நாள் குறிக்கும் புரோகிராம். மரவள்ளிப் பிரிவில் இலையின் படத்தைப் பார்த்து நோய் சொல்லும் புரோகிராம். கோழித் தீவனப் பிரிவில் பத்துப் பதினைந்து. எல்லாம் ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் பட்டத்துக்காகத் தாங்களே கற்று, தாங்களே எழுதியவை. எழுதியவர் போனால் அதுவும் போகும். மண் பிரிவு மாணவர் ஒருவர் வெளிநாட்டில் வேலை கிடைத்துக் கிளம்பினார். லேப்டாப்பும் கூடவே கிளம்பியது. அந்தப் பாசன நாள்களை நம்பிப் பனமரத்துப்பட்டி பக்கம் சோதனை வயல் போட்டிருந்த விவசாயிகள் டைரக்டர் அறை வாசலில் வந்து நின்றார்கள்.

டைரக்டர் நல்லசிவம். அவரைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மோகனூர்க்காரர். குரலை உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. வாட்ச்மேனுக்கும் ‘ங்க’, அமைச்சருக்கும் ‘ங்க’. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். “நீங்க செஞ்சது ரொம்பச் சரிங்களாங்க?” என்று இரட்டை ‘ங்க’ விழுந்தால் எதிரில் இருப்பவர் ராஜினாமாக் கடிதம் எழுதலாம். மேஜைமேல் எப்போதும் ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய வறுத்த நிலக்கடலை. நீங்கள் பேசும்போது ஒவ்வொன்றாக உடைப்பார். தொலி ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். நீங்கள் முடிக்கும்வரை ஒரு பருப்பைக்கூட வாயில் போட மாட்டார். முடித்ததும் பருப்புக் குவியலில் பாதியை உங்கள் பக்கம் தள்ளிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

அந்த விவசாயிகள் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். லேப்டாப் போன கதையைச் சொன்னேன். கடலையைத் தள்ளினார்.

“இத எழுதுனவரு இல்லாம வேறொருத்தரு ஓட்டுனா, இதே நம்பர் வருமுங்களா?”

“எந்த டிபார்ட்மெண்டுலயும் வராதுங்க சார்.”

“அப்ப இத்தனை நாளா நாம செஞ்சது ஆராய்ச்சிங்களா, கைராசிங்களாங்க?”

இரட்டை ‘ங்க’! அந்த வாரமே துறைத்தலைவர்கள் ஒன்பது பேரையும் கூட்டிவிட்டார். எல்லாத் துறைக்கும் பொதுவாக, எந்தத் துறைக்கும் சொந்தமில்லாமல், நடுவில் ஒரு மென்பொருள் குழு. எதிர்ப்பு எப்படி வந்தது என்கிறீர்கள்! ஆளை எங்கள் பிரிவுக்கே கொடுங்கள் என்றார் ஒருவர். எங்கள் கணக்கை வெளியாள் பார்ப்பதா என்றார் இன்னொருவர். கை தூக்கச் சொன்னபோது எழுந்தது இரண்டு கைதான். ஒன்று டைரக்டருடையது. இன்னொன்று கோழித் தீவனப் பிரிவின் தலைவர் டாக்டர் சுலோச்சனாவுடையது.

“ஒரு வருஷம் பாப்போமுங்க,” என்றார் நல்லசிவம். “வருஷக் கடைசில இதே மேஜை, இதே கேள்வி. அன்னைக்கும் ரெண்டே கைன்னா மூடிரலாம்.”

எங்களுக்குக் கிடைத்த அறை பழைய விதைக்கிடங்கு. வேப்பம்புண்ணாக்கு வாசனை போகவே இல்லை. நானும் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் இரண்டு பேரும். அந்த அறையில் நான் உட்கார்ந்த முதல் காலையை என்ன சொல்வது! நாற்பதைத் தொட்டிருந்தேன், ஆனால் கால் தரையில் பாவவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளைவெளேரென்று வெயில், போர்வெல் போடும் ரிக் லாரி ஒன்று ரோட்டை அதிரவைத்துக்கொண்டு போகிறது, உள்ளே மூன்று கம்ப்யூட்டர்கள் ஒன்றாக விழிக்கின்றன. ஆயிரம் பேர் தனித்தனியாகக் கைவிட்டுப் போன கணக்குகளுக்கெல்லாம் இனி ஒரு வீடு!

வீட்டுக்குச் சட்டம் வேண்டுமே. ஒரே பக்கத்தில் ஒரு படிவம் போட்டோம். இந்தப் புரோகிராம் எதை வாங்குகிறது, எதைத் தருகிறது, யார் எழுதியது, எங்கே ஓடுகிறது, எழுதியவர் நாளைக்கு இல்லையென்றால் யாரைக் கேட்பது. ஐந்து கேள்வி, அவ்வளவுதான். அதன் பிறகு ‘மூன்றாம் ஆள் ஓட்டம்’. எழுதியவரும் ஓட்டக்கூடாது, நாங்களும் ஓட்டக்கூடாது. அந்தத் துறையின் வாசனையே படாத ஒருவர், குறிப்பை மட்டும் படித்து ஓட்ட வேண்டும். ஓட்டி முடித்தபின் வயலிலோ கோழிச் செட்டிலோ கையால் எழுதிய நோட்டில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து, கம்ப்யூட்டர் சொல்வதோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். எந்தப் பக்கம் என்பதை அவரே தேர்ந்தெடுப்பார்.

மூன்றாம் ஆளாகப் பெரும்பாலும் அகப்பட்டவர் எங்கள் நூலகத்து மாதேஸ்வரன். புத்தக முதுகில் எண் ஒட்டுகிற பொறுமை அவருக்கு. கிண்டலும் அதே அளவுக்கு. “குறிப்பு படிச்சேனுங்க மேடம். ‘பிறகு வழக்கம்போல் செய்யவும்’னு போட்டிருக்குது. யாரு வழக்கமுங்க, எங்க ஊட்டு வழக்கமா?” என்று திருப்பி அனுப்புவார். எழுதிய விஞ்ஞானிகள் பல்லைக் கடிப்பார்கள். எங்களுக்குக் கொண்டாட்டம்.

வருஷம் முடிய ஒரு மாதம் இருந்தபோது சுலோச்சனா மேடத்தின் புரோகிராம் வந்தது.

அவருடைய சோதனை இதுதான். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளில் மரவள்ளியிலிருந்து மாவைப் பிரித்த பிறகு மிஞ்சுவது திப்பி. கோழித் தீவனத்தில் மக்காச்சோளத்துக்குப் பதில் அந்தத் திப்பியைச் சேர்த்தால் முட்டை குறையுமா? சேலத்துக் கழிவு நாமக்கல் கோழிக்குச் சாப்பாடு! மக்காச்சோள விலை ஏறும்போதெல்லாம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்ளும் பண்ணைக்காரர்கள் எத்தனை பேர்! மூன்று வரிசைக் கூண்டு, ஒரு கூண்டுக்கு ஒரு கோழி. முதல் வரிசைக்குச் சோளம், இரண்டாவதற்குப் பாதித் திப்பி, மூன்றாவதற்கு நிறையத் திப்பி. முடிவு பிரமாதம். மூன்றாம் வரிசையிலும் முட்டை குறையவே இல்லை. பத்து நாளில் பண்ணையாளர் கூட்டம். அழைப்பு போய்விட்டது. “மேடையேறும்போது உங்க டீமும் ஓட்டிப் பாத்தாச்சுன்னு சொல்லப்போறேன்,” என்றார் சுலோச்சனா மேடம். எங்களுக்கு அதைவிட வேறு விளம்பரம் வேண்டுமா?

மாதேஸ்வரன் ஓட்டினார். எண் அப்படியே வந்தது. கைதட்டப் போனேன்.

“இருங்க மேடம்,” என்றார். செட்டிலிருந்து வந்த நோட்டின் கடைசிப் பக்கம் அவர் முன்னால் விரிந்திருந்தது. “இந்த நாப்பத்தொண்ணாம் நம்பர் கோழிக்கு ஞாயித்துக்கிழமையும் லீவு இல்லீங்களாம். தினமும் முட்டை. ஆனா நோட்டுல அந்தக் கட்டம் காலியா இருக்குது. இங்க மட்டுமில்லீங்க, முன்னாடி மூணு பக்கமும் காலி.”

நான் குனிந்து பார்த்தேன். ஒரு நாளுக்கு ஒரு பக்கம், ஒரு கூண்டுக்கு ஒரு கட்டம். முட்டை இருந்தால் ஒன்று, இல்லையென்றால் சைபர். நாற்பத்தொன்றில் ஒன்றும் இல்லை, சைபரும் இல்லை. நாற்பத்தேழு, ஐம்பத்திரண்டு, இன்னும் சில. எல்லாம் மூன்றாம் வரிசை. புரோகிராமைத் திறந்தேன். நடுவில் ஒரே ஒரு வரி: கட்டம் காலியாக இருந்தால் முந்தைய நாள் எண்ணை எடுத்துப் போடு.

கால்நடை மருத்துவப் பிரிவில் சாவு நோட்டு என்று தனியாக ஒன்று உண்டு. ஓடிப்போய் வாங்கிவந்தேன். நாற்பத்தொன்றாம் எண் கோழி, வெயில் கொளுத்திய ஒரு வாரத்தில், பிற்பகலில் இறந்திருந்தது. வெப்பத்தில் சாகும் கோழி அநேகமாக நன்றாக முட்டையிடும் கோழி. காலையில் முட்டையிட்டுவிட்டு மதியம் சுருண்டுவிடும். அதனால் அதன் கடைசி எண் ஒன்று. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு புரோகிராம் மறுநாளும் ஒன்று போட்டது, அதன் மறுநாளும். புதைத்த கோழி சோதனை முடியும்வரை நாள் தவறாமல் முட்டையிட்டது. மூன்றாம் வரிசையைத் தூக்கி நிறுத்தியவை உயிரோடிருந்த கோழிகள் அல்ல.

உண்மையைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் பட்டியலையும் அந்த நோட்டுப் பக்கத்தின் நகலையும் ஒருநாள் முழுக்க டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்திருந்தேன். டைரக்டரைத் தவிர எங்களுக்காக எழுந்தது ஒரே ஒரு கை. அந்தக் கையையா வெட்டுவது? என் கூட இருந்த இரண்டு பேருக்கும் அடுத்த மாதம் வேலை இருக்குமா இருக்காதா என்பது அந்தக் கையில் இருந்தது. இன்னொரு பக்கம், கூட்டத்துக்கு வரப்போகிறவர்கள். கேட்டுவிட்டுப் போய் அடுத்த லாரியே திப்பி இறக்குவார்கள். பிறகு கோடை வரும்.

மறுநாள் டைரக்டர் அறைக்குப் போனேன். டப்பாவைத் திறந்தார்.

“சார், தீவனப் பிரிவு புரோகிராம்ல ஒரு...”

“சுலோச்சனா அம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க சார்.”

டப்பாவை மூடிவிட்டார். “அப்ப எங்கிட்டச் சொல்லாதீங்க. நான் காதுல வாங்கல. தப்பு யாரு ஊட்டுல இருக்குதோ, மொதல்ல அந்த ஊட்டுக் கதவத் தட்டோணும். போங்க சாமி.”

அந்தக் ‘கடலை இல்லாத’ சந்திப்புதான் நான் அவரிடம் கற்ற மிகப்பெரிய நடைமுறை. பிற்பாடு அதையும் எங்கள் சட்டத்தில் எழுதிவைத்தோம்: பிழையை முதலில் கேட்பவர் பிழைக்குச் சொந்தக்காரர்.

சுலோச்சனா மேடம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் இறுகியது.

“யார் ஓட்டுனது?”

“மாதேஸ்வரன், மேடம்.”

“லைப்ரரில நம்பர் ஒட்டறவரா? அவருக்குக் கோழியப் பத்தி என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது மேடம். அதுக்காகத்தான்...” என்று இழுத்தேன்.

புரோகிராம் எழுதிய ரேவதியைக் கூப்பிட்டார். ஆராய்ச்சி மாணவி, முனைவர் பட்டத்துக்கு மூன்று மாதம்தான் பாக்கி. “ஞாயித்துக்கிழமைக்காகத்தான் மேடம் அந்த வரிய எழுதினேன். அன்னைக்குக் கூண்டுவாரியா எண்ண மாட்டாங்க, மொத்தமா பொறுக்கிருவாங்க. பக்கம் முழுக்கக் காலியா வரும். அதான் சனிக்கிழமை நம்பர... வேற காலி இருக்கும்னு எனக்குத் தெரியல மேடம்.”

“நோட்டு எழுதறது யார்?”

“மூணாவது செட்டு பழனியம்மா.”

மேடம் எழுந்தார். செருப்பை மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டு நாங்கள் மூவரும் செட்டுக்குள் போனோம். அத்தனை கழுத்துகளும் ஒரே வீச்சில் எங்கள் பக்கம் திரும்பின. ஒரு நொடி மௌனம், பிறகு ஒரே கேறல். பழனியம்மாள் தீவனத் தொட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தார். மல்லசமுத்திரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். முந்தானையில் பேனா செருகியிருந்தது.

“ஏம்மா பழனியம்மா, இந்தக் கட்டமெல்லாம் ஏன் காலியா விட்டிருக்க?”

“அதுல கோழி இல்லீங்களே மேடம்.”

“சைபர் போட வேண்டியதுதானே?”

பழனியம்மாள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மூன்று படித்த பெண்களும் ஒரே நேரத்தில் தலைகீழாக நடந்து வந்ததுபோல.

“ஏனுங்க, சைபர்னா கோழி இருக்குது, இன்னைக்கு முட்டை போடலைன்னு அர்த்தமுங்க. நாலு நாள் சைபர் ஆச்சுன்னா டாக்டர் வந்து பாப்பாரு. இல்லாத கோழிக்குச் சைபர் போட்டா அது பாவமுங்க, போடாத கோழின்னு பேராயிரும். செத்ததைக் காலியாத்தான் உடோணும். இங்க எல்லாச் செட்டுலயும் அப்படித்தானுங்க.”

“செத்துச்சுன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்ல?”

“அது சாவு நோட்டுல எழுதியாச்சுங்களே! ஒரு சாவை ரெண்டு தடவையா எழுதுவாங்க?”

ரேவதி அழுதுவிட்டாள். பழனியம்மாள் பதறி, “அட சாமி, நான் எதும் தப்பாச் சொல்லிட்டனா?” என்று அவள் கையைப் பிடித்தார். சுலோச்சனா மேடம் மட்டும் நாற்பத்தொன்றாம் கூண்டின் முன்னால் நின்றார். வெறுங்கூண்டு. தண்ணீர்க் குழாயிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

“நான் தினமும் இந்தச் செட்டுக்கு வந்தேன்,” என்றார், எங்களிடமில்லை, கூண்டிடம். “இந்தக் கூண்டைப் பார்த்தேன். கம்ப்யூட்டர்ல முட்டையையும் பார்த்தேன்.”

அடுத்த நாலைந்து நாள், அப்பா! நானும் ரேவதியும் சேர்ந்து அந்த ஒரு வரியைப் பிடுங்கினோம். எங்கள் ஊர் பழைய விசைத்தறியில் பாவு இழை அறுந்தால் தறிக்குத் தெரியாது. ஓடிக்கொண்டே இருக்கும், துணியில் கோடு விழுந்துகொண்டே இருக்கும். புதுத் தறியில் ஒவ்வொரு இழைமேலும் ஒரு மெல்லிய தகடு தொங்கும். இழை அறுந்தால் தகடு விழும், தறி டக்கென்று நிற்கும். புரோகிராமுக்கு அப்படி ஒரு தகடு மாட்டினோம். காலிக் கட்டம் வந்தால் இட்டுக்கட்டாதே, நில். சாவு நோட்டைக் கேள். ஞாயிறா என்று கேள். தெரியவில்லையென்றால் மனிதரைக் கேள். மாதேஸ்வரன் மறுபடி ஓட்டினார். இம்முறை செத்த கோழிகள் செத்தே கிடந்தன. பாதித் திப்பி வரிசை தாக்குப்பிடித்தது. நிறையத் திப்பி வரிசை வெயில் வாரங்களில் சரிந்து விழுந்தது.

கூட்டம் நடந்தது. சுலோச்சனா மேடம் திரையில் முதலில் போட்டது வரைபடம் இல்லை, பழனியம்மாளின் நோட்டுப் பக்கம். காலிக் கட்டங்களோடு. “பாதி வரைக்கும் போடலாம். அதுக்கு மேல கோடையில போடாதீங்க. போன வாரம் வரைக்கும் நான் வேற மாதிரி நினைச்சிட்டிருந்தேன். அது தப்பு,” என்றார். பின்வரிசையில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ரெண்டு வருசமா இதச் சொல்லத்தானுங்களா?” என்று எழுந்து போனார். யாரும் கைதட்டவில்லை.

அதற்கடுத்த வாரம் அதே மேஜை, அதே ஒன்பது பேர். நல்லசிவம் கடலை உடைக்க ஆரம்பித்தார். மண் பிரிவுத் தலைவர் நேராக விஷயத்துக்கு வந்தார். “கை தூக்குன டிபார்ட்மெண்டையே கவுத்துட்டாங்க. இனி இவங்ககிட்ட யாருங்க கணக்கக் குடுப்பாங்க?” சிலர் சிரித்தார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். என்னோடிருந்த இரண்டு பேர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

“அப்பக் கேட்டுருலாமுங்க,” என்றார் டைரக்டர். “யாரு யாரு கை தூக்கறீங்க?”

அவருடைய கை எழுந்தது. சுலோச்சனா மேடத்தின் கை எழவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். அந்தக் கை மேஜைக்குக் கீழே, பைக்குள் துழாவிக்கொண்டிருந்தது.

ஒரு தாளை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். “அடுத்த சோதனை. இன்னும் ஒரு கோழிகூடக் கூண்டுக்குப் போகல. இப்பவே குடுக்கறேன்.”

எங்கள் ஐந்து கேள்விப் படிவம். ஐந்துக்கும் பதில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே பச்சை மையில் தானே ஒரு ஆறாவது கேள்வியைச் சேர்த்திருந்தார்: நோட்டில் காலியாக விட்டால் என்ன பொருள், யாரிடம் கேட்டீர்கள்? பதிலும் இருந்தது. ‘காலி என்றால் கோழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலி என்றால் நாங்கள் இல்லை. கேட்டது: மூன்றாவது செட்டில்.’ பக்கத்தில், செட்டு நோட்டில் நான் பார்த்துப் பார்த்துப் பழகிய அதே குண்டுக் கையெழுத்தில், பழனியம்மாள்.

மண் பிரிவுத் தலைவர் தாளை இழுத்துப் படித்தார். மறுபடி படித்தார். அவர் வயல்களிலும் காலிக் கட்டங்கள் உண்டு. மழைமானி நோட்டில், பாசன நோட்டில். யாரோ காரணத்தோடு விட்டவை, யாரோ காரணம் கேட்காமல் நிரப்பியவை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மேடம்,” என்றார் என்னைப் பார்த்து. “இதுல இன்னொரு காப்பி இருக்குங்களா?”

அன்று ஆறு கை எழுந்தது. டைரக்டர் மேஜைமேல் இருந்த மொத்தப் பருப்பையும் சுவரோரம் எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்.

ரேவதி முனைவர் பட்டம் முடித்து அதே விதைக்கிடங்கில் என் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள். போன வருஷம் நான் விருப்ப ஓய்வில் கிளம்பியபோது என் நாற்காலிக்கே வந்துவிட்டாள். மெஷின் எழுதிய புரோகிராம்கள் இப்போது தினமும் அங்கே வருகின்றன. அழகாக எழுதுகிறது, வேகமாக எழுதுகிறது. காலிக் கட்டத்தைக் கண்டால் அதுவும் நிரப்பத்தான் பார்க்கிறது. கையில் பேனாவோடு செட்டுக்குள் நடந்துபோய்க் கேட்க அதற்குக் கால் இல்லை.

தக்காளிக் கடையில் என்னைப் பிடித்த பெண்ணுக்கு நேற்று அந்தப் படிவத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “தேங்க்ஸ் மேடம். அஞ்சு கேள்வி புரியுது. ஆறாவதை இப்போதைக்கு விட்டுட்டு ஆரம்பிக்கலாமா?”

விட்டுப் பாருங்கள் என்று எழுதினேன். படிவத்தில் அந்த ஆறாவது கட்டம் காலியாக இருந்தால் ரேவதியின் அறையில் எந்தப் புரோகிராமும் ஓடாது. தகடு விழும். நின்றுவிடும்.